பனி விலகிய காலை

பஸ் நானுஓயா மலையூரைத் தாண்டியதும் பனி விலகி வெயில் அடித்தது. எனக்கு முன் சீட்டில் இருந்தவர் பதறினார்.

"ஐயோ, பனி போயிருச்சே!"

"நல்லதுதானேங்க? கார் ரேஸ்ல தம்பிக்கு ரோடு நல்லாத் தெரியும்," என்றார் அவர் மனைவி.

"எஞ்சின் சூட்டைக் காட்டுற மீட்டருக்கு நான்தானே வயர் இழுத்தேன். தெரியாம ஹெட்லைட் வயர்ல சேத்துட்டேன். லைட் போட்டாத்தான் முள்ளு ஏறும். இப்பத்தான் ஒறைக்குது."

"ஓட்டிப் பாக்கலையா?"

"கந்தப்பளையில பாத்தோமே. பனியில எந்நேரமும் லைட் போட்டுத்தானே ஓட்டுனோம்!"

"அப்ப எஞ்சின் கொதிச்சாலும் அவனுக்குத் தெரியாதா? போன் பண்ணுங்க!"

"எடுக்க மாட்டேங்கறான். ஹெல்மெட் மாட்டிட்டான் போல."

பஸ்ஸில் பலர் ஸ்வெட்டரைக் கழற்றினார்கள். அவர் மனைவி மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

"மாதாவே, கொஞ்சம் பனிய எறக்கு தாயே."