டர்பனில் ரொட்டி சுட்டவர்

இல்ல மாமா, அம்மைக்கு ஒண்ணும் தெரியாது. ஒண்ணுன்னா ஒண்ணும். அதுக்குத்தான் உங்களைத் தம்பானூர் வரைக்கும் போகவிடாம இந்தப் பேட்டை ஸ்டேஷன்லயே இழுத்து எறக்கினேன். ரயில் அது பாட்டுக்குப் போகட்டும். உங்க பெட்டி மாட்டுவண்டியில வரும். வண்டிக்காரன் நமக்குத் தெரிஞ்சவன், மெல்லத்தான் ஓட்டுவான். நாம நடப்போம். பழவங்காடிக்கு அரைமணி நேர நடை. அதுக்குள்ள நீங்க யாருன்னு நான் உங்களுக்குச் சொல்லித் தந்தாகணும்.

நானா? சரியாப் போச்சு. குற்றாலலிங்கம். உங்க அக்கா சொர்ணம்மாளுக்க மகன். நீங்க ஓடிப்போகும்போ எனக்கு அஞ்சு வயசு, இப்போ பதினேழு. உங்க காயிதத்துக்கெல்லாம் பதில் எழுதினது இந்தக் கைதான். தம்பி பகவதிப்பெருமாளுக்கு, நீ ஜெயிச்ச சேதி கேட்டு மனசு குளுந்துது, பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்கா ஒடச்சேன்னு வருமே, அது அம்மை சொல்லச் சொல்ல எழுதினதுதான். பொய்யில்ல. தேங்காயும் நெசம். என்னத்துல ஜெயிச்சீங்கங்கதுதான்... நிக்காதீங்க, நடங்க. நடந்துக்கிட்டே சொல்லுகேன்.

அம்மைக்கு, நீங்க டர்பன்ல ரொட்டி சுடுகீங்க.

ஆமா, ரொட்டி. தின்கிற ரொட்டி. தென்னாப்பிரிக்காவிலயே உங்களை மாதிரி ரொட்டி சுட ஆளு கெடையாது. குத்துச்சண்டைங்கிற பேச்சே எங்க வீட்டுக்குள்ள வந்ததில்ல.

கையை மடக்காதீங்க மாமா. அடிக்கதுன்னா முழுக்கக் கேட்டுட்டு அடியுங்க.

அன்னிக்கு அப்பாவை அடிச்சிட்டு நீங்க போயிட்டீங்க. பொறவு நடந்தது உங்களுக்குத் தெரியாதுல்லா. தண்டச்சோறுன்னு ஒரு சொல்லு சொன்னாரு, அதுக்கு ஒரு அடி. வாயெல்லாம் ரத்தம். அம்மை அப்படியே ஈரச்சேலையோட பழவங்காடிக்குப் போயி பிள்ளையாருக்கு முன்னால நின்னு சத்தியம் பண்ணினா. எந்தம்பி இனி ஒரு மனுசனை அடிச்சான்னு கேட்டா அவன் என் வாசப்படி ஏறப்பிடாதுன்னு. கேட்டீங்களா, இனி ஒரு மனுசனை. நீங்க எத்தனை பேரை அடிச்சிருக்கீங்க? முப்பத்தெட்டு. நான் எண்ணி வச்சிருக்கேன்.

அஞ்சு வருசம் உங்ககிட்டேருந்து ஒரு தகவலும் இல்ல. பொறவு மொதக் காயிதம் வருது. நாலே வரி. கப்பல் அடுக்களையில வேலை பாத்து டர்பன் வந்து சேந்தேன், சுகம், போன சனிக்கிழமை ஜெயிச்சேன், பத்திரிகைத் துண்டு உள்ள இருக்கு, பையனை விட்டு வாசிக்கச் சொல்லு. உங்களுக்கென்ன, எழுதிட்டீங்க. வாசிக்கிற பையனுக்கு வயசு பத்து. அந்த இங்கிலீஷ்ல பாதி எனக்கு ஓடல, ஆனா போட்டோ இருக்கே. சட்டை இல்லாம நிக்கீங்க, ரெண்டு கையிலயும் பெரிசா உறை மாட்டியிருக்கு, கீழ ஒருத்தன் மல்லாந்து கெடக்கான். அம்மை எம்முகத்தையே பாத்துக்கிட்டு நிக்கா. என்னலே செய்யுகான் எந்தம்பிங்கா. நான் என்ன செய்ய? அடுக்களைன்னு ஒரு சொல்லு காயிதத்துல இருந்துதா, அதைப் பிடிச்சுக்கிட்டேன். ரொட்டி சுடுகாரும்மா, அடுப்புச் சூடு தாங்காம சட்டையைக் கழத்தியிருக்காரு, கை பொள்ளாம இருக்க உறைன்னேன்.

கீழ கெடந்தவனா? அவன் மாவு மூட்டை தூக்கிக் களைச்சுப் படுத்திருக்கான்னேன். பத்து வயசுல அவ்வளவுதான் தோணிச்சு.

அம்மை அழுதா மாமா. அடிச்ச கைக்கு மாவு பிசையுற வேலையைக் குடுத்தாரே பிள்ளையாருன்னு அழுதா. அதுக்கப்புறம் நான் எப்படி மாத்திச் சொல்லுகது? நீங்களே சொல்லுங்க.

அப்பாவா? அப்பா கதை பொறவு. மொதல்ல உங்க கதையைப் படியுங்க.

முப்பத்திரண்டுல லைட்வெயிட்ல பெரிய ஆட்டத்துக்குப் பேரு குடுத்தீங்கல்லா. வெயிட்னா எடைன்னு அம்மைக்கும் தெரியும், சாலைக் கடைத்தெருவுல இருக்கவருக்க பெண்டாட்டியாக்கும். என்னலே எடைங்கா. ரொட்டி கனக்கப்பிடாது, பஞ்சு மாதிரி இருக்கணும், அந்தச் சாதி ரொட்டிக்கு உள்ள பந்தயம்னேன். ஆட்டத்துக்கு முந்தின நாளு எடை பாத்தாங்கன்னு போட்டிருந்துதே, அதுவும் தோதாப் போச்சு. தராசுல நின்னது நீங்க, நான் ரொட்டியை நிறுத்தினேன். முப்பத்திநாலுல ஜோஹன்னஸ்பர்க்ல பன்னிரண்டு ரவுண்டு அடிச்சு சாம்பியன் ஆனீங்களே, அது பன்னிரண்டு தட்டம் ரொட்டி. ஒண்ணுகூடக் கருகல. அம்மை அன்னிக்குப் பன்னிரண்டு தேங்கா ஒடச்சா. பிள்ளையார் நடையில பொறுக்குறவங்களுக்கெல்லாம் நல்ல கோளு, மடி நெறயத் தேங்கா.

சிரிக்கீங்களா? கொள்ளாம். சிரிச்சா முகம் கொஞ்சம் ரொட்டிக்காரன் மாதிரிதான் இருக்கு.

கேப்டவுன்காரன்கிட்ட தோத்தீங்களே, ஒம்பதாம் ரவுண்டுல, அதை நான் மறைக்கல. எப்பவும் ஜெயிச்சா யாரு நம்புவா? அடுப்பு கூடுதலாக் காஞ்சு கருகிப் போச்சுன்னேன். அம்மை ரெண்டு நேரம் சாப்பிடல. பொறவு அவளே சொல்லுகா, எழுதுலே அவனுக்கு, விறகைக் கொறச்சு வையின்னு எழுது. நான் எழுதினேனே, ஓர்மை இருக்கா? ஆமா, அந்த வரிதான். நீங்க என்னன்னு நெனச்சீங்க? அவசரப்படாம ஆடுன்னு அக்கா மறைமுகமாச் சொல்லுகான்னா? நல்லதாப் போச்சு, அடுத்த ஆட்டத்துல அவனையே மல்லாத்திட்டீங்க.

ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்கு மாத்த மனசு வரல. வெள்ளைக்காரச் சாம்பியனோட உங்களை ஒரே மேடையில ஏத்தமாட்டோம், ஐரோப்பியர் அல்லாதவங்களுக்குத் தனிப் பட்டம்தான்னு போட்டிருந்துது பாருங்க. வாசிக்கும்போ எனக்கே கொதிச்சுது. நீங்க அவனை மூணு நிமிசத்துல சாய்ச்சிருவீங்கன்னு பத்திரிகைக்காரனே எழுதியிருக்கான். அம்மைகிட்டச் சொன்னேன், மாமன் சுட்ட ரொட்டியையும் வெள்ளைக்காரன் சுட்ட ரொட்டியையும் ஒரே மேசையில வைக்கமாட்டாங்களாம்மான்னு. பொறவு, இங்க போன வருசம் மகாராஜா ஒரு விளம்பரம் போட்டு எல்லாச் சாதிக்காரருக்கும் கோயிலைத் தொறந்து விட்டாரே, அங்க அப்படி ஒரு ராஜா இல்லையான்னு கேட்டா. இல்லம்மான்னேன்.

சரி, சரி. கண்ணைத் தொடைங்க. வஞ்சியூர் கோர்ட்டு வந்தாச்சு, வக்கீலுக பாக்காங்க.

என் படிப்பா? விட்டாச்சு. அதுவும் உங்களாலதான். அம்மை சும்மா இருப்பாளா, தினம் ஒரு கேள்வி. மாவு எப்படிலே பொங்கும்? எத்தனை நாழிகை மூடி வைப்பான்? எனக்கு என்ன தெரியும்? பாளையத்துல தங்கையன்னு ஒருத்தர் ரொட்டிக்கடை வச்சிருக்காரு. அங்க போயி வாசல்ல நின்னு பாத்தேன். நாலு நாளு பாத்தாரு. அஞ்சாம் நாளு, சும்மா நின்னு பாக்கப்பிடாது, கையைக் கழுவிட்டு வந்து பிசைன்னாரு. பிசைஞ்சேன். பொறவு பள்ளிக்கூடத்துக்கு உச்சைக்கு மேலதான் போவேன். நாலாம் பாரத்துல ரெண்டு தடவை தோத்தாச்சு. ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு, உனக்குப் பள்ளிக்கூடம் வேணுமா ரொட்டிக்கடை வேணுமான்னு கேட்டாரு. ரொட்டிக்கடைன்னேன். கேட்டதுக்குப் பதில் சொன்னேன், அதுக்கு ஏன் அந்த ஆளு மேசையில அடிக்கணும்? இறங்கி வந்துட்டேன். அம்மை வையுவான்னு நெனச்சேன். மாமனுக்க கைவேலை மருமகனுக்கு வந்திருக்குன்னு தெருப்பூராச் சொல்லுகா.

இன்னொண்ணு, மனசுல வையுங்க. தங்கையன் கள்ளு ஊத்தித்தான் மாவு பொங்க வைப்பாரு. கள்ளுன்னு சொன்னா அம்மை என்னை ரொட்டிக்கடைப் பக்கம் விடமாட்டா. டர்பன்ல தயிருன்னு சொல்லி வச்சிருக்கேன். கேட்டா தயிரு. மனசிலாச்சா?

ஏன்னா நாளைக்கு உங்களை ரொட்டி சுடச் சொல்லப்போறா.

அடுப்பு இல்லன்னா நெனச்சீங்க? வீட்டுக்குப் பின்னால செங்கல்ல போர்மா கட்டி வச்சிருக்கா. ரொட்டி சுடுற அடுப்பு மாமா, உங்களுக்கே நான் சொல்லித் தரணும், விதி. நீங்க அனுப்பின ரூபாயிலதான். தெருவுல இருவது வீட்டுக்குச் சொல்லியாச்சு. ஜுரம் வந்தவன்தான் ரொட்டி தின்பான்னு சொல்லுற ஆளுகளெல்லாம் வாறாங்க. பயப்படாதீங்க. நான் பிசைவேன், நான் சுடுவேன். ரயில்ல வந்ததுல கை சுளுக்கிட்டுன்னு ஒரு துணியைச் சுத்திக்கிட்டு நீங்க பக்கத்துல நில்லுங்க. நான் தட்டத்தை வெளிய இழுக்கும்போ மட்டும் மோந்து பாத்துட்டு, ம், ஆகட்டும்னு தலையை ஆட்டணும். பெரிய வேலைக்காரங்கெல்லாம் அப்படித்தான் செய்யுகாங்க.

மூக்கு ஒடைஞ்சது? அடுப்புக் கதவு அடிச்சுது. போன வருசமே அம்மைகிட்டச் சொல்லியாச்சு. காது இப்படிச் சுருங்கியிருக்கும்னு எனக்குத் தெரியாது, போட்டோவுல தெரியல. காதுக்கும் அந்தக் கதவையே வச்சுக்கிடுவோம்.

பட்டத்துக்குக் குடுத்த பெல்ட்டா? பெட்டியில இருக்கா? ஐயோ. நடுவுல என்ன செதுக்கியிருக்கான்? ரெண்டு ஆளு எதிரும் புதிருமாக் கையை நீட்டிக்கிட்டா? இருங்க, யோசிக்கேன். மாவு பிசையுகாங்க. மேசைக்கு ரெண்டு பக்கமும் நின்னு மாவு பிசையுகாங்க. போரும்.

என்னது? திரும்பிப் போறீங்களா?

எங்க போறது, ரயில் நாளைக்குத்தான். இப்படி அந்தப் பாலத்துக் கைப்பிடியில உக்காருங்க. பொய் சொல்லமாட்டேன், அக்காகிட்டப் பட்டத்தைக் காட்டத்தான் இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்தேன்னு சொல்லுகீங்க. நியாயம்தான். உங்க இடத்துல நான் இருந்தா என்னை இந்த ஆமையிழஞ்சான் தோட்டுத் தண்ணிக்குள்ள தூக்கிப் போட்டிருப்பேன். ஆனா நெசத்தைச் சொன்னா என்ன நடக்கும்? அம்மை கதவைச் சாத்துவா. உங்க அக்கா தானே, தெரியாதா உங்களுக்கு? உள்ள நின்னு அழுவா, ஆனா தொறக்கமாட்டா. பிள்ளையாருக்கிட்டச் சொன்னது சொன்னதுதான். நீங்க வெளிய நின்னு பெல்ட்டை யாருக்குக் காட்டுவீங்க, மாட்டுக்கா?

காலையிலேருந்து அவ அடுக்களையை விட்டு வெளிய வரல. சக்கைப் பிரதமன் வைக்கா, வீட்டுல இருந்த பலாப்பழமெல்லாம் பாயசமாகுது. பன்னிரண்டு வருசமா உங்க தட்டத்தைத் தனியாப் புளி போட்டு வெளக்கி வச்சிருக்கா. எனக்குக்கூட அதுல போட்டுத் தந்ததில்ல. நான் கேட்டிருக்கேன்.

வாறீங்களா? வாங்க. நல்ல மாமா.

அம்மைக்கு இது தெரிஞ்சா யாரைக் கொல்லுவான்னா? என்னைத்தான். யாரு சொல்லுவா? நம்ம வீட்டுல சொல்லக்கூடிய ஆளு ஒருத்தர்தான் உண்டு. தகரப்பறம்பு தாண்டியாச்சு, இனி சொல்லித்தான் ஆகணும்.

அப்பாவுக்கு எல்லாம் தெரியும்.

மொதக் காயிதத்துலேருந்தே. ஆறுமுகநயினார் ஜவுளிக்கடையில இங்கிலீஷ்ல காயிதம் எழுதுறதே அவருதானே, வாசிக்கத் தெரியாதா? உங்க பேரை வீட்ல யாராவது சொன்னா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுத் திண்ணைக்குப் போயி மோரைக் குடிப்பாரு. நான் ஒளிச்சு வச்ச பத்திரிகைத் துண்டையெல்லாம் நான் இல்லாதப்போ எடுத்து வாசிச்சிட்டு, மடிப்புக் கலையாம வச்சிருவாரு. ஜோஹன்னஸ்பர்க் போட்டோ மட்டும் காணாமப் போச்சு. எலின்னு நெனச்சேன். போன மாசம் நீங்க வாறீங்கன்னு தந்தி வந்ததும் கடைக்கு என்னைக் கூப்பிட்டாரு. மேசைக்குள்ளேருந்து எடுக்காரு. கண்ணாடி போட்டு வச்சிருக்காரு மாமா!

கோவமா? கோவமாவது. வாயைத் தொறந்து அந்த ஓட்டையை விரலால காட்டி, இந்தப் பல்லு ரெண்டும் தென்னாப்பிரிக்கா சாம்பியன் கையால போனதாக்கும்னு துணி எடுக்க வாற ஆம்பிளைங்ககிட்டெல்லாம் சொல்லியாச்சு, வீட்டுப் பெண்டுக காதுல போடப்பிடாதுன்னு சத்தியமும் வாங்கியாச்சு. உங்க கணக்குல முப்பத்தெட்டு ஆட்டம். அவரு கணக்குல முப்பத்தொம்பது. மொத ஆட்டம் அவருகூடத்தானாம். அவருதான் உங்களை உருவாக்கினதுங்கிற மாதிரிப் பேசுகாரு.

உங்களைப் பேட்டையில எறக்கச் சொன்னதும் அவருதான். அம்மைகிட்ட வாயைத் தொறக்கமாட்டாரு, நீங்க சாகுற வரைக்கும் ரொட்டிக்காரன்தான், சத்தியம் பண்ணித் தந்திருக்காரு. அதுக்கு ஒண்ணே ஒண்ணு கேக்காரு. அதைச் சொல்லத்தான் என்னை அனுப்பினாரு. எனக்குத்தான் எங்க ஆரம்பிக்கன்னு தெரியல.

அன்னிக்கு அப்பாவுக்கு விழுந்தது ஒரு அடின்னு எனக்கும் தெரியும். நான் கதவுப் பக்கத்துல நின்னு பாத்தவனாக்கும். ஒரே அடி, அரிசிப் பானையோட சேந்து விழுந்தாரு. ஆனா சாலைக் கடைத்தெருவுல எல்லாருகிட்டயும் மூணு ரவுண்டுன்னு சொல்லி வச்சிருக்காரு. அதுக்கு நீங்க அவங்க முன்னால ஆமான்னு சொல்லணும், அவ்வளவுதான் அவரு கேக்கது. மூணாவது ரவுண்டுலயும் அடி பட்டு விழல, தண்ணியில வழுக்கித்தான் விழுந்தாரு. வழுக்கினதை மறந்துராதீங்க, அதுல அவருக்குக் கண்டிப்பு. அவரு இடது கையால உங்களுக்கும் ஒண்ணு வச்சாருன்னும் கேள்வி. எங்கன்னு சொல்லல, தாடைன்னு வச்சுக்கிடுங்க.

அந்தா, மூலையில நிக்கிற கூட்டம். கடை முதலாளி ஆறுமுகநயினாரும் வந்துட்டாரு. நடுவுல இருக்காரு பாருங்க அப்பா, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, நெஞ்சைத் தூக்கிக்கிட்டு. பாத்துட்டாரு, வாறாரு.

சிரிக்காதீங்க மாமா, எல்லாரும் பாக்காங்க. ஒரு எட்டு பின்னால வையுங்க. ஆங், அப்படித்தான்.

இன்னும் கொஞ்சம் பயப்படுங்க.