மூன்று அணுத் தடிப்பு

வெளியிடங்களில் நான் தண்ணீர் குடிப்பதில்லை, ஐயா. குறை நினைக்க வேண்டாம். சின்ன வயதிலிருந்தே அரியண்டம் தாங்காத உடம்பு. மேசையில் ஈ இருந்தாலே எனக்குச் சோறு இறங்காது. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உங்களுக்கு விளங்காது.

ஜெயபுரத்துக்கு அப்பால் உள்ள குடியேற்றத்தில் எங்கள் திட்டம் ஒரு தண்ணீர்த் தாங்கி கட்டியது. நான்தான் இணைப்பாளர். தாங்கியிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு கண்ணாடித் துண்டு வைத்து, அதற்கு ஒரு பக்கம் சிறு விளக்கும் மறுபக்கம் ஒளி உணரியும் பொருத்தினோம். அந்த உணரியின் குறைகடத்தித் தகடு மூன்று அணுத் தடிப்புத்தான். மணிக்கூட்டுப் பற்றரி ஒன்றிலேயே வருடக்கணக்கில் வேலை செய்யும். தண்ணீர் தெளிவென்றால் வெளிச்சம் முழுதாக வந்து சேர்ந்து, சனம் தண்ணீர் பிடிக்கும் பைப்படியில் பச்சை விளக்கு எரியும். கலங்கல் என்றால் சிவப்பு.

திறப்பு விழாவுக்கு முதல்நாள் சிவப்பு எரிந்தது. ஏணியில் ஏறி மூடியைத் திறந்தேன். மரநாய் ஒன்று செத்து ஊதிப்போய் மிதந்தது. அதன் மயிர் தனியே கழன்று தண்ணீரின் மேல் பாலாடை போலப் படர்ந்திருந்தது. அதற்குள் கையை விடுவதா? இறங்கி வந்து வேலிக்கரையில் சத்தி எடுத்தேன். ஆளைக் கூப்பிட்டால் கதை பரவும், விழா நின்றுவிடும். பந்தல் போட்டாயிற்று. பதாகையில் பிரதம விருந்தினரின் முகம் தாங்கியைவிடப் பெரிதாக இருந்தது.

ஆகவே ஓர் ஊசிமருந்துக் குப்பியைக் கழுவி, கடைப் போத்தல் தண்ணீர் நிரப்பி, வாயை அடைத்தேன். விளக்கையும் உணரியையும் குழாயிலிருந்து கழற்றி, குப்பியின் இருபுறமும் பொருத்தி, எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். பச்சை எரிந்தது. உணரி பொய் சொல்லவில்லை, ஐயா. அது பார்த்த தண்ணீர் சுத்தமானதுதான்.

“அணுவளவு தடிப்பு, ஆகாயமளவு சேவை” என்று பிரதம விருந்தினர் பேசினார். கைதட்டினோம். படத்துக்காக அவர் குடித்த கிளாசில் போத்தல் தண்ணீர் ஊற்றியவன் நான். அந்தளவு பொறுப்பு எனக்கு இருந்தது.

விழா முடிந்ததும் துப்புரவாக்கத்தான் நினைத்தேன். ஆனால் போகப் போக அது மரநாயாக இல்லை, கஞ்சியாகிவிட்டது. நினைக்கவே குமட்டியது. அதோடு கொழும்புக் கூட்டத்தில் நான் காட்டிய உணரிப் பதிவின் வரைபடத்தில் பச்சைக் கோடு ஒரு வெட்டும் இல்லாமல் ஓடியது. திட்டத்துக்குக் காசு தந்த வெளிநாட்டுக்காரர்கள் எழுந்து நின்று பாராட்டினார்கள்.

வயல் கூலிக்குப் போகிற சிவலட்சுமி, தண்ணீர் வடித்த துணியைக் கொண்டுவந்து காட்டினாள். மயிர் ஒட்டியிருந்தது.

“தண்ணி நாறுதுங்க சேர்.”

“பச்சை எரியுதோ இல்லையோ?”

“எரியுதுங்க. ஆனா நாறுது.”

“அது மூண்டு அணுத் தடிப்பான மெசின், தங்கச்சி. உங்கட மூக்கு என்ன தடிப்பு?”

பைப்படியில் நின்ற சனம் சிரித்தது. அவளும் கொஞ்சம் சிரித்துவிட்டு, அதே தண்ணீரைக் குடத்தில் பிடித்துக்கொண்டு போனாள். துணி என்மேல் பட்டதோ என்று அன்று திரும்பத் திரும்பக் கை கழுவினேன்.

பிறகு அவளுடைய மகள் நிரோஜாவுக்கு வயிற்றோட்டம். இந்தத் தண்ணீரைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று என்னிடம்தான் வந்து கேட்டாள். நிறையக் கொடுங்கோ என்றேன். வயிற்றோட்டத்துக்குத் தண்ணீர்தான் மருந்து. எந்த டொக்டரும் அதைத்தான் சொல்வார். ஆஸ்பத்திரிக்குப் போக பஸ்சுக்குக் காத்து நின்ற இடத்திலேயே பிள்ளை முடிந்துவிட்டது.

செத்தவீட்டுக்குப் போனேன். போகாவிட்டால் மரியாதையில்லை. தேத்தண்ணி கொண்டுவந்தார்கள். எல்லோரும் குடித்தார்கள். நான் கிளாசைக் கதிரைக்குக் கீழே வைத்தேன். அழுதுகொண்டிருந்த சிவலட்சுமி அதைக் கண்டு எழுந்து வந்தாள்.

“குடிங்க சேர்.”

“எனக்குச் சீனி வருத்தம்.”

“சீனி போடலைங்க. குடிங்க. பச்சைதானே எரியுது.”

நான் குடிக்கவில்லை. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் தம்பி சதீஸைக் கூப்பிட்டு, தாங்கியில் ஏறிப் பார்க்கச் சொன்னாள்.

ஓம், ஐயா. உள்ளே கிடந்ததைத் தெரிந்துகொண்டுதான் பச்சையை எரிய வைத்தேன். தெரிந்துகொண்டுதான் பிள்ளைக்கு நிறையக் கொடுக்கச் சொன்னேன். வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

இந்தக் கிளாசை மட்டும் மாற்றித் தரச் சொல்லுங்கள். விளிம்பில் யாருடையதோ விரல் பட்டிருக்கிறது.