ஆர்விட் குடிச்ச பச்சைத் தூள்

கையில இருக்கிற அந்தப் பச்சைத் தூள் டம்ளரைக் கொஞ்சம் மூடி வைங்க தம்பி, குமட்டுது. கோவிச்சுக்காதீங்க. குளத்துப் பாசியை மிக்சில அடிச்ச மாதிரி வாடை. மூணு மாசம் எங்க வீடே அப்படித்தான் நாறிச்சு.

உங்களுக்கு முட்டி ஆபரேசனா? அடுத்த மாசமா? ம்ம். எங்க வீட்டுக்காரருக்கு இடுப்பு. ஆர்விட்னு பேரு. இதே துலூத் துறைமுகத்துல முப்பத்தொரு வருசம் கப்பல்ல இரும்புத்தாது ஏத்தின ஆளு. காலையில நாலு முட்டை, சாயங்காலம் ஏரி மீனு. அப்படித் தின்ன உடம்பு.

ஆபரேசனுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில நடத்துற அந்த வகுப்புக்கு நீங்களும் போயிருப்பீங்களே? என்ன சாப்பிடணும்னு சொல்ற அந்த டயட்டீசியன் பொண்ணு தெளிவாத்தான் சொல்லுச்சு. முட்டை, மீனு, பாலு நல்லா சாப்பிடுங்க, இல்லேன்னா புண்ணு ஆறாது. பட்டினி கிடக்காதீங்க. மீன் எண்ணெய், பூண்டுன்னு என்ன மாத்திரை போட்டாலும் சொல்லிருங்க, சிலது ரத்தத்தை உறைய விடாது, முன்னாடியே நிறுத்தணும்னு. நாங்களும் நல்லா தலையாட்டிட்டு வந்தோம்.

அப்புறம் வந்தா மார்லிஸ். எங்க சர்ச்சுல பாடுறவ. கார் நிறைய தூளு, மாத்திரை டப்பா, விக்கிறதுக்கு. பேசும்போது நம்ம கையைப் பிடிச்சுத் தடவிக்கிட்டே பேசுவா. த்தூ, இப்பவும் கையைக் கழுவணும்போல இருக்கு. முப்பது பவுண்டு எடை குறைஞ்சா புது இடுப்பு சாகுற வரைக்கும் உழைக்குமாம். சாப்பாட்டுக்குப் பதிலா ரெண்டு வேளை பச்சைத் தூள், படுக்கப்போறப்ப மீன் எண்ணெய், பூண்டுன்னு ஆறு மாத்திரை. டாக்டருங்களுக்கு இதெல்லாம் பிடிக்காது, எதுக்குச் சொல்லிக்கிட்டுன்னா.

மனுசன் எலும்பும் தோலுமா ஆயிட்டாரு. ஒரு நாள் மேசையைப் பிடிச்சு நின்னுக்கிட்டு, வெர்னா, ஒரே ஒரு முட்டை போடேன்னு கேட்டாரு. சின்னப் பிள்ளை மாதிரி. இன்னும் பத்து நாளு பொறுங்கன்னுட்டேன்.

ஆபரேசன் நல்லாத்தான் முடிஞ்சுது. ரெண்டாம் நாளே உள்ள ரத்தம் கட்டிப் பூசணிக்காயாட்டம் வீங்கிருச்சு. தையல் போட்ட இடம் ஒட்டவே இல்லை. அப்புறம் சீழு. அந்த நாத்தத்தை நான் சொல்ல மாட்டேன், நீங்க ஆபரேசனுக்குப் போறவரு. இப்போ உள்ள வச்ச இடுப்பையே திரும்ப எடுத்துக்கிட்டு இருக்காங்க. மார்லிஸா? பூ அனுப்பியிருந்தா. கூடவே ஒரு டப்பா, புண்ணு ஆறுறதுக்காம். குப்பையில போட்டேன், பூவையும் சேர்த்து.

என்னது? ஆஸ்பத்திரியில கேக்கலையான்னா? ஏன் கேக்கல. ஆபரேசன் அன்னிக்குக் காலையில நர்சு தாளை வச்சுக்கிட்டு ஒண்ணொண்ணா கேட்டா. மாத்திரை, தூள், ஏதாவது உண்டான்னு. ஆர்விட் என்னைப் பாத்தாரு. சொன்னா தேதியைத் தள்ளிருவாங்க தம்பி. எட்டு மாசம் காத்துக் கிடந்து கிடைச்ச தேதி. நான்தான் ஒண்ணுமில்லைன்னேன். கையெழுத்தும் நான்தான் போட்டேன்.

டாக்டருக்கு இன்னிய வரைக்கும் தெரியாது. ஏன் ஆறலன்னு அவரும் தலையைப் பிச்சுக்கிட்டு இருக்காரு. அந்தா வர்றாரு பாருங்க, தொப்பியைக் கழட்டிக்கிட்டு. கொஞ்சம் காலை நகத்துங்க. போய் எல்லாத்தையும் சொல்லிட்டு வந்துர்றேன்.