ஆத்துல விட்ட பேரு

அதுக்கில்லீங்க அம்மணி, உங்க ஆராய்ச்சி ஃபார்ம்ல ஏழு கட்டம் இருக்குது, சரி. கதை ஒண்ணு, சடங்கு ஒண்ணு, நம்பிக்கை ஒண்ணுன்னு மதத்தையே கூறு போட்டுட்டீங்க. எங்க ஹனூருல யாரும் அப்படிப் பிரிச்சு வெக்கலையே. மாதேஸ்வரன் மலைக்குப் போய் மொட்டை அடிக்கறோம், அது கதையா, சடங்கா, நம்பிக்கையா? மூணுலயும் டிக் போடறீங்களா? நாலாங் கிளாஸோட நின்ன எனக்கு அது தெரியலை, போங்க.

கிறிஸ்தவங்களைப் பத்தியும் எங்கிட்டயே கேக்கறீங்களா? கேளுங்க, பக்கத்துல இருந்து பாத்தவன்தான். ஹெப்பாள்ல ஃபேக்டரியில நானும் அமலதாஸும் இருபத்திரண்டு வருஷம் ஒரே மிஷின். மத்தியானம் ஒரே டப்பாவுல தின்னோம். அவங்களும் வேளாங்கண்ணி போய் மொட்டை போடறாங்க. கொடி ஏத்தறாங்க, தேர் இழுக்கறாங்க. நவம்பர்ல செத்தவங்களுக்குக் கல்லறையில பூ வெக்கறாங்க, நாம மாளய அமாவாசைக்குப் படைக்கற மாதிரி. ரெண்டும் ஒண்ணுன்னு எழுதிக்கறீங்களா? எழுதுங்க. அமலதாஸ் பேரை மட்டும் எழுதாதீங்க. எம்பட புள்ளையை அவன் பையன் மெர்வினுக்குச் சர்ச்சுல கட்டி வெச்சான். எங்கிட்ட ஒரு வார்த்தை இல்லை. சொல்லியிருந்தாலா? மாட்டேன்னுதான் இருப்பேன். அதுக்காகச் சொல்லாம இருக்கலாமா? பதினோரு வருஷமாச்சு, இன்னிக்கும் ரோட்டுல பாத்தா மூஞ்சியத் திருப்பிக்குவேன்.

கோவமெல்லாம் இல்லீங்க. சரி, கோவந்தான்.

சடங்குக் கட்டத்துல இன்னும் இடம் இருக்குதுங்களா? மெதுவாத்தான் சொல்லுவேன், கதவு தொறந்து கெடக்குது. கல்யாணம் முடிஞ்ச மூணாம் நாளு ஸ்ரீரங்கப்பட்டணம் போனேன். ஆத்துல முழுகிட்டு ஐயர்கிட்ட எம்புள்ள செத்துப்போச்சுன்னேன். எப்படின்னார். காய்ச்சல்னேன். அன்னிக்கு வாய் கூசலை பாருங்க. எள்ளும் தண்ணியும் விட்டேன், பிண்டம் கரைச்சேன். காக்காய்க்குச் சோறு வெச்சா, வெச்ச கையோட எடுத்துக்கிச்சு. அன்னிக்கு ஒரு நாளாவது அது வேண்டாம்னு போயிருக்கலாம்.

தப்புன்னு தெரியாதுங்களா? அந்த வருஷமே தெரிஞ்சுது. ஆனா ஐயர் நோட்டுல எழுதிட்டார். வருஷா வருஷம் மாளயத்துக்குப் போனா, எங்கப்பன் பேரு, எங்கம்மா பேரு, கடைசியில அந்தப் பேரையும் படிக்கறார். உசுரோட இருக்குதுங்க, பேரை அடிச்சுருங்கன்னு சொல்லோணும். சொன்னா, அன்னிக்குப் பொய் சொன்னவன் நான்தான்னு ஆகுமில்ல. தலையைக் குனிஞ்சு தண்ணி விட்டுட்டு வந்துருவேன். எம்பட ஊட்டுக்காரி கனகாகிட்டக்கூடச் சொல்லலை. போன தை மாசம் அவளும் போய்ட்டா.

இத்தனை மதம் படிச்சிருக்கீங்க. உசுரோட இருக்கறவங்களுக்குச் செஞ்ச காரியத்தைத் திருப்பி எடுக்க, எங்கயாச்சும் ஒரு சடங்கு இருக்குதுங்களா?

பாக்கோணும்கறீங்களா. பாருங்க. அடுத்த வாரத்துக்குள்ள பாத்துச் சொன்னாத் தேவலை.

காப்பி ஆறுது, குடிங்க. சக்கரை கம்மியாத்தான் போடுவா வினிதா. ஆமாங்க, உங்களுக்குக் கதவு தொறந்துச்சே, மெர்வினுக்குக் கட்டின அந்தப் புள்ளதான். எனக்குக் கால் ஒடைஞ்சதுல இருந்து வந்து பாத்துக்குது. வர்ற மாளய அமாவாசைக்கு என்னைய ஆத்துக்கு அதுதான் கூட்டிட்டுப் போகுது. சர்ச்சுக்குப் போறவ, உனக்கெதுக்குன்னேன். ஐயர் அவ அம்மா கனகா பேரைப் படிக்கறப்பப் பக்கத்துல நிக்கோணுமாம்.