லொரெய்ன் ட்ரெகென்சாவின் படக்கதை அலமாரி

மேடையில் வீற்றிருக்கும் பள்ளி மன்றத் தலைவர் மரே ஹாக்கிங் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் லொரெய்னின் தம்பி கிளைவ் அவர்களே, கோதுமை அறுவடையைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தூசி படிந்த சட்டையோடு வந்திருக்கும் போர்ட் ட்ரெலோர் மக்களே, என் மாணவச் செல்வங்களே! உங்கள் எல்லோருக்கும் இந்தக் கணக்கு வாத்தியார் டெஸ் ரோவெட்டின் வணக்கம்.

அழுதுவிடக் கூடாது என்று வீட்டிலிருந்து தயாராகித்தான் வந்தேன். ஆனால் நுழையும்போது சுவரோரம் துணி போர்த்திய பலகை ஒன்றைப் பார்த்தேன். என்ன என்று கேட்டேன். "லொரெய்ன் ட்ரெகென்சா நினைவு நூலகம்" என்றார்கள். அந்தக் கணத்திலிருந்து எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது. இரங்கல் கூட்டத்தில் எரிச்சல் தகுமா என்று சிலர் கேட்கலாம். தகும்! இன்றைக்குத் தகும்!

யார் இந்த லொரெய்ன்? இந்தப் பள்ளியின் நூலகர். எந்தக் குழந்தையிடமும் "சத்தம் போடாதே" என்று சொல்லாத ஒரே நூலகர். அவர் இங்கே வந்தபோது நம் ஊரின் படிப்பு எப்படி இருந்தது? நம் ஊருக்கு ஒரு பெருமை உண்டு. ஆம்ப்ரோஸ் நான்கிவெல் இங்கே வாழ்ந்தார், இங்கேதான் "தாகக் கரை" நாவலை எழுதினார். கடற்கரையில் அவருக்குச் சிலை இருக்கிறது, ஆண்டுதோறும் விழா எடுக்கிறோம், பேக்கரியில் அவர் பெயரில் இறைச்சி அடைத்த பாஸ்டி விற்கிறோம். எல்லாம் சரி. புத்தகத்தை யார் படித்தார்கள்?

இப்போதே கேட்கிறேன். "தாகக் கரை"யை முதலிலிருந்து கடைசி வரை படித்தவர்கள் கையைத் தூக்குங்கள். வெட்கப்பட வேண்டாம், தூக்குங்கள்!

பார்த்தீர்களா? மேடையில் ஒரு கைகூட இல்லை. முன்வரிசையில் கிளைவ் ஒருவர். பின்னால் பாருங்கள், எத்தனை கைகள்! பெரும்பாலும் இளம் கைகள். அவர்கள் எல்லோரும் லொரெய்னால் படிக்க வந்தவர்கள். இதற்கு மேல் நான் என்ன பேச? ஆனாலும் பேசுவேன்.

அவர் வந்த புதிதில் பிள்ளைகள் அந்த நாவலைத் தலைக்கு வைத்துத் தூங்கத்தான் எடுப்பார்கள். லொரெய்ன் கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. உலகத்துப் பழைய பெருங்கதைகளைப் படக்கதைகளாக வரைந்த நூல்களைத் தேடித் தேடி வரவழைத்தார். வாசலுக்கு நேரே ஓர் அலமாரி. ஒவ்வொரு படக்கதைக்கும் பின்னால் அதன் மூல நூல். பிள்ளைகள் படக்கதையை ஒரே மூச்சில் முடித்துவிட்டுத் திருப்பித் தர வருவார்கள். லொரெய்ன் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"கடைசில அந்தக் கெழவன் ஏன் சிரிச்சான்?"

"அது படத்துல இல்லியே, மிஸ்."

"அப்ப வேற எங்க இருக்கும்?"

"ஐயோ மிஸ், மாட்டி விட்டுட்டீங்களே!"

முனகிக்கொண்டே பெரிய புத்தகத்தை எடுத்துப் போவார்கள். நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பின்னங்கள் என்றாலே பின்வாசல் வழியாக ஓடுகிற பயல்கள், தடித்த புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பள்ளிப் பேருந்தில் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன்!

அவர் படக்கதை என்று வந்ததையெல்லாம் கொண்டாடியவரும் அல்லர். ஒப்புக்கு வரைந்ததைப் பார்த்தால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "டெஸ், இதப் பாரு, வரைஞ்சவன் கதையைப் படிக்கவே இல்ல, அட்டையத்தான் படிச்சிருக்கான்" என்று என் மேசைமேல் தூக்கிப் போடுவார். படக்கதையோடு நின்றுவிடும் பிள்ளைகளிடம், "படம் வாசப்படிதான்டா. நீ வாசப்படியிலயே படுத்துத் தூங்கினா நான் மிதிச்சிக்கிட்டுதான் போவேன்" என்பார்.

மன்றத் தலைவருக்கு இது பிடிக்கவில்லை. ஹாக்கிங் அவர்களே, உங்களை மேடையில் வைத்துக்கொண்டே சொல்கிறேன், புறம் பேசினான் என்ற பேச்சு வேண்டாம். ஒரு கூட்டத்தில் நீங்கள் கேட்டீர்கள்: "படம் பாக்குறதெல்லாம் படிப்பா, லொரெய்ன்? நாளைக்குக் கார்ட்டூன் போட்டுக் காட்டிட்டுப் பரீட்சை வெச்சிருவீங்க போல."

லொரெய்ன் தேநீர் ஊற்றிக்கொண்டே கேட்டார்: "மரே, நீங்க 'தாகக் கரை' படிச்சிருக்கீங்களா?"

"படிக்காம? இந்த ஊர்லதானே பொறந்தேன்."

"கடைசில கேப்டன் என்ன ஆறாரு?"

"ஊருக்குத் திரும்பி வந்துருவாரு."

"பாதியிலயே செத்துருவாரு, மரே. சர்க்கரை போடவா?"

சிரியுங்கள், பரவாயில்லை. அவர் இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார். நான்தான் அன்றும் சிரிக்கவில்லை.

"தாகக் கரை"க்குப் படக்கதை கிடையாது. யாரும் வரைந்ததில்லை. "அப்ப நம்மளே வரைவோம்" என்றார் லொரெய்ன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கூடினார்கள். கதை உங்களுக்குத் தெரியும், அல்லது தெரிந்தது போல் இருப்பீர்கள். கப்பல் உடைந்து கரை ஒதுங்கியவர்கள் தாகத்தில் சாகக் கிடக்கிறார்கள். இந்த மண்ணின் ஆதிக்குடியான நாருங்கா பெண் ஒருத்தி வந்து மணலைத் தோண்டி நல்ல தண்ணீரைக் காட்டுகிறாள். அவர்கள் குடிக்கிறார்கள், பிழைக்கிறார்கள், கிளம்பிப் போகிறார்கள். அந்தக் கட்டத்தை வரைகிற பொறுப்பு டார்னிக்கு வந்தது. டார்னியும் நாருங்கா பெண்தான். அதுவரை ஒரு நாவலையும் முடித்திராத பிள்ளை.

பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். எழுத்தில் ஒருத்தியை முகமில்லாமல் கடந்து போய்விடலாம். வரைகிறவளுக்கு அந்தச் சலுகை இல்லை, மூக்கு எப்படி, கண் எப்படி என்று வரைந்தாக வேண்டும். அந்தப் பெண்ணைப் பற்றி வேறு எங்காவது இருக்கிறதா என்று தேடுவதற்காகவே டார்னி முழு நாவலையும் படித்தாள். அகராதியோடு, முகத்தைச் சுளித்துக்கொண்டு, கடைசிப் பக்கம் வரை! பிறகு நூலகத்துக்குள் புயல் மாதிரி வந்தாள். நான் அங்கே இருந்தேன்.

"கப்பல்ல இருந்த நாய்க்குப் பேரு இருக்கு, மிஸ்! மூழ்கிப்போன படகுக்குப் பேரு இருக்கு! இத்தனை பேர் உசுரைக் காப்பாத்தினவளுக்கு ஒரு பேரு இல்ல! என்ன புத்தகம் இது?"

கூட வரைந்த பையன் ஒருவன் சொன்னான்: "விடு டார்னி, தலைமுடியால மூஞ்சிய மறைச்சு வரைஞ்சிரு."

"உன் மூஞ்சிய மறைடா மொதல்ல!"

லொரெய்ன் என்ன செய்தார்? நாவலுக்கு வக்காலத்து வாங்கவில்லை. "இப்பதான் நீ அதைப் படிச்சிருக்க. இந்த ஊர்ல யாரும் அவரை இவ்வளவு ஒழுங்காப் படிச்சதில்ல" என்றார்.

அவளுக்கு ஒரு பெயர் வைத்துவிடலாமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். லொரெய்ன் தானாக முடிவெடுக்கவில்லை. டார்னியின் சமூகத்து மூத்தவர் ரோண்டா ஆன்ட்டியைப் போய்ப் பார்த்தார்கள். அவர் சொன்னார்: "அவ பேரு நமக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி எதையாவது ஒட்டி வெக்காதீங்க. ஆனா அவளைப் பேச விடுங்க, கண்ணு."

டார்னி வரைந்தாள். பக்கம் முழுக்க ஒரே கட்டம். ஈர மணல் ஒட்டிய கைகள். அந்தப் பெண் நம்மை நேராகப் பார்க்கிறாள். பேச்சுக் குமிழில் இரண்டே வரி: "குடிச்சாச்சா? இப்ப என் பேரைக் கேளுங்க."

அந்தப் பக்கத்தை முதன்முதலில் பார்த்தபோது, மக்களே, நான் எழுந்து நின்றுவிட்டேன்.

நான்கிவெல் விழாவில் அந்தப் பக்கங்களை வைப்பதாக ஏற்பாடு. விழாவுக்கு முன்னால் மன்றம் சொன்னது: அந்தக் குமிழை அழித்துவிட்டு வையுங்கள். மூலத்தில் இல்லாத வசனம், மேதையின் நூலைத் திருத்தப் பிள்ளைகள் யார்? நான் கேட்கிறேன், நூலைப் படிக்காதவர்கள் அதைக் காக்கக் கிளம்பலாம், படித்த பிள்ளை ஒரு கேள்வி கேட்கக் கூடாதா? லொரெய்ன் அழிக்க மறுத்தார். "குமிழ் இல்லைன்னா பக்கம் இல்ல. பக்கம் இல்லைன்னா எதுவும் இல்ல" என்றார். விழாவில் பக்கங்கள் இல்லை. அதோடு விட்டார்களா? அடுத்த பருவத்தில் அலமாரியே காலி. "நூலகச் சீரமைப்பு" என்றார்கள். அத்தனை படக்கதைகளும், பிள்ளைகள் வரைந்த பக்கங்களும் பெட்டிகளில் அடைக்கப்பட்டு, விளையாட்டுச் சாமான் கொட்டகையில் கிழிந்த வலைகளுக்கும் காற்றுப்போன பந்துகளுக்கும் அடியில் போய்ச் சேர்ந்தன.

நான் கத்தினேன். அவர் கத்தவில்லை. "கோபப்படாத டெஸ், பசங்க பாக்குறாங்க" என்றார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காத குணம்! அவரோடு நான் போட்ட சண்டையெல்லாம் இதற்காகத்தான். "நீ மரியாதையாக் கேக்குற வரைக்கும் அவங்க மரியாதையாத் தள்ளிப் போடுவாங்க" என்பேன். கேட்க மாட்டார். டார்னியின் பக்கங்களுக்கு முன்பே எடுத்து வைத்திருந்த படிகளைக் கால்பந்துக் கிளப்பின் சுவரில் ஒட்டினார். சனிக்கிழமை ஆட்டம் பார்க்க வந்தவர்கள் தக்காளிச் சாஸ் வழியும் பாஸ்டியைக் கையில் பிடித்தபடி வரிசையாக நின்று படித்தார்கள். லாரி ஓட்டுகிறவர்களும் மீன் பிடிக்கிறவர்களும், "இது நம்ம நான்கிவெல் கதையா? இவ்ளோ நல்லா இருக்குமா?" என்று லொரெய்னிடம் மூல நூலைக் கேட்டு வாங்கிப் போனார்கள். ஓர் ஊர் தன் சொந்தப் புத்தகத்தைக் கடைசியில் படிக்கத் தொடங்கியது, பள்ளிக்கூடத்துக்கு வெளியே!

உள்ளே என்ன நடந்தது? ஒவ்வொரு கூட்டத்திலும் லொரெய்ன் எழுந்து நின்று அலமாரியைக் கேட்டார். ஒவ்வொரு கூட்டத்திலும் "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்றார்கள். போன மாதமும் அதே பதில். அந்த வாரக் கடைசியில் கடைவீதியில், காரில் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே அவர் இதயம் நின்றுவிட்டது. அலமாரியால் நின்றது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் பொய். ஆனால் அலமாரி மறுபடி நிறைந்ததைப் பார்க்காமல் போனார், அது பொய்யில்லை.

இப்போது பலகை! நூலகத்துக்கு அவர் பெயர், அவர் புத்தகங்களுக்குக் கொட்டகை! இதுவா மரியாதை? இதுவா அஞ்சலி? ஹாக்கிங் அவர்களே, உங்கள் வருத்தத்தை நான் நம்புகிறேன். மலர் வளையத்தை யாரிடமும் கொடுக்காமல் நீங்களே சுமந்து வந்ததைப் பார்த்தேன். ஆகவேதான் கேட்கிறேன். பலகைக்கு முன்னால் அலமாரி. அதுவரை அந்தத் துணியை யாரும் விலக்க வேண்டாம் என்று கிளைவ் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பின்வரிசையில் டார்னி நிற்கிறாள். பள்ளி இறுதி வகுப்பு முடிக்கப் போகிறாள். சின்ன வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு இன்னொரு பழைய நாவலை வரையப் போவதாக நேற்று என்னிடம் சொன்னாள். எனக்கு வரையத் தெரியாது. கட்டங்களுக்குக் கோடு போட்டுத் தருவேன். படித்து முடித்த பிள்ளையிடம் படத்தில் இல்லாத கேள்வியைக் கேட்பேன். ஒவ்வொரு மன்றக் கூட்டத்திலும் லொரெய்ன் நின்ற இடத்தில் நான் எழுந்து நிற்பேன், ஆனால் அவரைப் போல மெதுவாகப் பேச மாட்டேன். இது என் சத்தியம்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது மௌன அஞ்சலி. மன்னிக்க வேண்டும், அது வேண்டாம். கொட்டகையைத் திறக்கத் தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டுவிட்டார், இதோ தலையசைக்கிறார். அது இந்த அரங்குக்குப் பின்னால்தான் இருக்கிறது. எல்லோரும் எழுந்திருங்கள். பெட்டிகள் கனமானவை, ஒன்றுக்கு இரண்டு பேர் வேண்டும். ஹாக்கிங் அவர்களே, நீங்கள் என்னோடு ஒரு பக்கம் பிடியுங்கள்.

டார்னி, நீ முன்னால் நட, அம்மா.