யோசிக்காம வாங்கணும்

“இன்னும் நல்லா விழணும்னு வேண்டிக்கிட்டிருக்கேன்” என்றார் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர். தாம்பரத்தில் காலை மின்சார ரயில் கிளம்பக் காத்திருந்தது. அவர் கைபேசியில் பங்குச் சந்தை சிவப்பாகச் சரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அவர் மனைவி.

“நம்ம பணமும் அதுலதானே இருக்கு? விழணும்னு யாராவது வேண்டுவாங்களா?”

“முழுசா இல்ல. அஞ்சுல ஒரு பங்கை ரிசர்வா பேங்க்ல வெச்சிருக்கேன். மார்க்கெட் பத்து பர்சென்ட் விழுந்தா, யோசிக்காம வாங்கணும். அதான் என் ரூல். இதுல உணர்ச்சிக்கே இடம் கிடையாது.”

“பத்து பர்சென்ட் போன வாரமே விழுந்துடுச்சே. வாங்கினீங்களா?”

“பயமா இருந்துது. பதினஞ்சுன்னு ரூலை மாத்திட்டேன்.”

“இப்போ?”

“இப்போ பதினஞ்சும் வந்துடுச்சு. இருபதுன்னு மாத்தலாமான்னு பாக்கறேன்.”

வண்டி நகர்ந்தது. சானடோரியம் தாண்டியதும் அந்த அம்மா சொன்னார்.

“அந்த ரிசர்வுலேர்ந்து நேத்து நான் கொஞ்சம் எடுத்துட்டேங்க.”

அவர் கைபேசியை மடியில் வைத்தார். “எதுக்கு?”

“ஃப்ரிட்ஜ் கெட்டுப்போய் வெயில் காலம் முழுக்க மாவு புளிச்சுது, பால் திரிஞ்சுது. கேட்டப்போல்லாம் ரிசர்வுல கை வைக்கக் கூடாதுன்னீங்க. நேத்து கடையில இருபது பர்சென்ட் விலை இறங்கியிருந்துது. யோசிக்காம வாங்கிட்டேன். உங்க ரூல்தான்.”

குரோம்பேட்டை வந்தபோது அவர் கைபேசியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். பிறகு மெல்லக் கேட்டார்.

“டபுள் டோரா?”