சேர்க்கும்போது சொன்ன சொல்

கேளு கமலா, திண்டிவனம் பஸ்ஸுல எனக்கு முன்சீட்டுல ஒரு டீச்சரம்மா. பக்கத்துல, அவங்க வகுப்புல பொண்ணைச் சேர்த்திருக்கிற பொம்பள, மடியில வயல்ல புடுங்கின மல்லாட்டைப் பையோட.

"நீ சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கம்மா"ன்றாங்க டீச்சரு.

"இன்னா சொன்னேன்?"

"சேர்க்கும்போது, 'கண்ணு ரெண்டை வுட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க'ன்னியே."

"எல்லாரும் சொல்றதுதான டீச்சர். மரியாதைக்குச் சொன்னேன்."

"எனக்குத் தெரியும். பக்கத்துல நின்ன கொழந்தைக்குத் தெரியலையே. இதுவரைக்கும் வகுப்புல வாயே தொறக்கல. நான் கிட்டப் போனா கையைப் பாவாடைக்குள்ள மறைச்சிக்குது."

விக்கிரவாண்டி தாண்டினதும் அந்தப் பொம்பள மெதுவா கேட்டா.

"நாளைக்குக் களையெடுக்கப் போவாம ஸ்கூலுக்கு வர்றேன். ஆனா பொண்ணு எதிர்க்கயே 'அடிக்காதீங்க'ன்னு சொன்னா, உங்களுக்கு மரியாதையா இருக்குமா டீச்சர்?"

"அதாம்மா எனக்கு மரியாதை."

எனக்கு மனசே குளுந்துபோச்சு கமலா. இரு, அடுப்புல கேப்பைக்கூழு பொங்குது.